படத்தின் பின்பக்கம்

இலங்கையில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட இடங்களில் எங்கள் மலையகமும் ஒன்று. தேயிலைப் பெட்டியில், நாட்காட்டியில், தபால் அட்டையில், ஹோட்டல் சுவரில், கோச்சி என்று நாங்கள் சொல்கிற ரயிலின் கதவில் தொங்கிக்கொண்டு எடுக்கும் படத்தில் என்று எங்கே பார்த்தாலும் இந்த மலைதான். ஆனால் அந்த மலையில் உள்ள ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டுக்குப் போய், "பழைய படம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வரும். உள்ளே அடையாள அட்டைக்கு எடுத்தது, பாஸ்போட்டுக்கு எடுத்தது, ஒரு கலியாணப் படம். சுவரில், இறந்துபோன ஒருவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருப்பார்கள். மூன்று தலைமுறைக்கு அவ்வளவுதான்.

இவ்வளவு படம் எடுக்கப்பட்ட ஊரில், ஊர்க்காரர் வீட்டில் ஏன் படம் இல்லை? இந்தக் கேள்விதான் என்னைக் கமராவைத் தூக்க வைத்தது. நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். வேலை ஹட்டனில். லீவு நாட்களில் ஒரு பழைய பிலிம் கமராவோடு நடக்கிறேன். சில நாள் ஒரு தோட்டம், சில நாள் கோச்சி ஏறி ஊவாப் பக்கம்.

எங்கள் வீட்டு உறையில் இருப்பதிலேயே பெரிய படம் ஒரு குடும்பப் படம். அப்பாயியின் (அப்பாவின் அம்மா) தம்பி குடும்பம், எழுபதுகளில் இந்தியாவுக்குப் போவதற்கு முன்னால் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்த திரை. சின்னத் தாத்தா கோட்டுப் போட்டிருக்கிறார். அது ஸ்டூடியோக்காரருடைய கோட்டு என்று அப்பாயி சொல்லுவார். பிள்ளைகள் ஐந்து பேர். எல்லாரும் கமராவை நேராகப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

1964 அக்டோபர் 30 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் சனத்தைப் பங்கு போட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. விண்ணப்பம், பாஸ்போட்டு என்று எல்லாவற்றுக்கும் படம் கேட்டார்கள். அதுவரை கமராவையே பார்த்திராத எத்தனையோ பேர் முதல்முறையாக ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தது அதற்காகத்தான். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வரிசை நிற்கும் என்று ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் எனக்குச் சொன்னார். பாஸ்போட்டுப் படத்துக்கு வந்தவர்களில் கையில் காசு இருந்தவர்கள் கூடவே ஒரு குடும்பப் படமும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரதி தலைமன்னாரில் கப்பலேறும். இன்னொன்று இங்கே இருக்கிற உறவுக்காரர் வீட்டில் தங்கும்.

எங்களிடம் இருப்பது அப்படித் தங்கிய பிரதி. அதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெறும் தாள். அப்பாயி இருந்தவரை எழுதி வைக்க வேண்டிய தேவை வரவில்லை, அவரைக் கேட்டால் போதும். இப்போது அந்த ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேருடைய பெயர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. முகம் இருக்கிறது, காதில் போட்டிருக்கிற தோடு வரை தெளிவாக இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை.

என் கமரா பென்டாக்ஸ் கே1000. 1976 இல் வந்து, இருபது வருடங்களுக்கு மேல் விற்ற மொடல். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோ மூடியபோது, படத்தைப் பெரிதாக்கித் தாளில் போடுகிற என்லாஜரையும் இதையும் சேர்த்து வாங்கினேன். பொத்தான் அளவு பேட்டரி ஒன்று வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும் வேண்டும். அது தீர்ந்துபோனாலும் ஷட்டர் வேலை செய்யும். மீட்டரை அணைக்கச் சுவிட்ச் கிடையாது, லென்ஸுக்கு மூடியைப் போட்டால் அதுவாக அடங்கும். பழுதாவதற்கு உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. மழைக்கும் பனிக்கும் நடுவில் மலையேறி இறங்குகிறவனுக்கு இதுதான் தோதானது.

இந்தக் காலத்தில் ஏன் பிலிம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். போனில் எடுக்கிற படத்தின் கதையைத் தோட்டத்தில் பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு வீட்டிலும் போன் இருக்கிறது, ஒவ்வொரு போனிலும் ஆயிரம் படம் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால், மெமரி நிறைந்தால், மகன் கொழும்பில் வேறு போன் வாங்கினால் அந்த ஆயிரமும் போய்விடும். பிறந்த பிள்ளையின் முதல் வருடமே இல்லாத வீடுகளை எனக்குத் தெரியும். பிலிமைக் கழுவினால் கிடைக்கிற நெகட்டிவ் கையில் பிடிக்கிற பொருள். அதைக் காகித உறையில் போட்டுக் காய்ந்த இடத்தில் வைத்தால் எந்தக் கம்பனி மூடினாலும், எந்த பாஸ்வேர்ட் மறந்தாலும் அது அங்கேயே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் யாரென்று தெரியும்.

இன்னொரு காரணம், ஒரு ரோலில் 36 படம்தான். பிலிம் விலை கூடிய பொருள், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாராவது வரும்போதுதான் எனக்குக் கிடைக்கிறது. இதைப் படத்தில் நிற்கிறவரிடமும் சொல்லிவிடுவேன். "ஒங்களுக்கு ரெண்டு படம்தான் எடுப்பேன் மாமா" என்றால் மாமா எழுந்து போய் முகம் கழுவி, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வருவார். அந்த இடைவெளி எனக்கு வேண்டும். தன்னை எப்படிக் காட்டுவது என்று அவர் முடிவெடுக்கிற நேரம் அது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேமாதம் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் அப்போது மழையிலும் பனியிலும் மூடிக் கிடக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் நிழல் விழாது. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளையில் வெயிலும் உலர்ந்த காற்றும். கோச்சியில் போனால் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். 1,898 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி, ஒஹியவுக்கு முன்னால் ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு உள்ளே போகிற கோச்சி, பல நாட்களில் அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வரும். வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் ஊவாவில் மழை. தை, மாசியில் எங்கள் பக்கம் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், சிவனொளிபாதமலை காலையில் துலக்கமாகத் தெரியும். ஆகவே வெயில் வேண்டுமென்றால் ஆடியில் ஊவாவுக்குக் கோச்சி ஏறுவேன், தையில் வீட்டிலேயே இருப்பேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது பனிதான். பனியில் மீட்டரை நம்பக்கூடாது. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் கணக்குச் சொல்லும். பனியோ வெள்ளை. மீட்டர் சொன்னபடி எடுத்தால் வெள்ளைப் பனி சாம்பல் சுவராகிவிடும், அதற்கு முன்னால் நிற்கிற ஆள் கறுத்துப் போவார். மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், அடர்ந்த பனியில் ஒன்றரை ஸ்டொப் கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். வெயில் நாளில் கணக்குச் சுலபம்: லென்ஸின் துவாரத்தை எஃப்/16 இல் வைத்து, ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு ஷட்டர் 1/500. பேட்டரி இல்லாமலே நாள் முழுக்க எடுக்கலாம். பனிக்கு அப்படி ஒரு கணக்கு எழுதி வைக்க முடியாது. நின்று பழக வேண்டும். தேயிலைச் செடி வரிசை வரிசையாக மங்கிக்கொண்டே போகும், தூரத்து நிழல் மரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு கட்டத்தில் ஷட்டரை அழுத்துவேன். கறுப்பு வெள்ளை பிலிமின் மணிமணியான தன்மை அந்த இடத்தில் பனியோடு ஒன்றாகிவிடும்.

பொகவந்தலாவைக்கு நான் அடிக்கடி போவதற்கு ஒரு காரணம் அங்கே உள்ள செயின்ட் மேரிஸ் தேவாலயம். அதன் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றை எங்கே படித்தாலும் வருகிற பெயர். 1815 இல் பிறந்தவர், 48 வயதில்தான் கமராவைக் கையில் எடுத்தார். கவிஞர் டென்னிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஜோன் ஹேர்ஷல் என்று தன் காலத்து இங்கிலாந்தின் பெரிய ஆட்களையெல்லாம் அருகில் போய் முகம் முகமாக எடுத்தார். அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கெமரன், நாங்கள் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் படித்த கோல்புறூக்–கெமரன் சீர்திருத்தத்தின் அதே கெமரன். அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாவின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார். இருவருமே அந்தத் தேவாலயத்தில் இருக்கிறார்கள்.

எங்கள் டிக்கோயாவில்! இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. புகைப்படத்தை ஒரு கலையாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நான் பஸ் ஏறுகிற சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்து முடிந்திருக்கிறார். அவர் இலங்கையில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலானவை களுத்துறையில் எடுத்தவை. சில படங்களில் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், எங்கள் சாடையில் இருக்கிற பெண்கள். ஈரம் காய்வதற்குள் கண்ணாடித் தட்டில் எடுத்து அங்கேயே கழுவிவிட வேண்டிய முறை அது. அசையாமல் பல விநாடி நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களின் கண்ணில் ஒரு நிதானம் தெரிகிறது. கெமரன் அவர்களைக் குறைத்துக் காட்டவில்லை. டென்னிசனுக்குக் கொடுத்த அதே வெளிச்சத்தைத்தான் அவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். ஆனால் இங்கிலாந்துப் படங்களுக்குக் கீழே பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவற்றில் அநேகமாக எதிலும் பெயர் இல்லை. ஊர், தொழில், அதோடு சரி. அவருக்குப் பின்னால் வந்த தபால் அட்டைக் கம்பனிகள் அந்தத் தலைப்பையே வழக்கமாக்கிவிட்டன. 'தமிழ்ப் பெண்', 'தேயிலை பறிப்பவர்கள்', 'கூலிகள்'.

அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவருடைய படங்களை மதிக்கிறேன், அவரிடமிருந்து அருகில் போகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் எடுக்கிற ஒரு படம்கூடப் பெயரில்லாமல் இருக்கக் கூடாது என்று அங்கே வைத்துத்தான் தீர்மானித்தேன்.

இப்போது என் முறை இதுதான். படம் எடுத்தவுடனே ஒரு கொப்பியில் ரோல் இலக்கம், பட இலக்கம், படத்தில் நிற்கிறவர்களின் பெயர் இடமிருந்து வலமாக, தோட்டம், டிவிஷன், தேதி எல்லாம் எழுதுவேன். அவர்கள் சொல்கிற விதத்திலேயே எழுதுவேன். பணிய லயம், மேட்டு லயம், இருபதாம் நம்பர் மலை என்று அவர்கள் சொன்னால் அப்படியே. பிறகு பிரிண்ட் போட்டுப் பின்பக்கத்திலும் அதையே எழுதி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பழைய மாதிரி வெறும் தாளாக இருந்தால் பென்சிலே போதும். பிளாஸ்டிக் பூசிய தாள் என்றால் பென்சில் பிடிக்காது, அதற்கென்று உள்ள பேனா வேண்டும். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தில் கோடு விழும். பெயர்களையும் முகங்களையும் இணையத்தில் போடுவதில்லை. அவை அந்தந்த வீட்டுக்கு உரியவை.

கொழுந்து மலையில் வேலை நேரத்தில் நான் யாரையும் நிறுத்திப் படம் எடுப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஒரு பெண் கூடையோடு நின்று ஐந்து நிமிடம் சிரித்தால் ஐந்து நிமிடக் கொழுந்து போகிறது. நிறுக்கிற நேரத்தில் தோட்டம் கேட்கிற கிலோ இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்தச் சிரிப்பின் விலை அவளுடைய கணக்கில்தான் விழும். இடுப்பில் கட்டிய படங்கு விரிப்பு நனைந்து, காலில் அட்டை ஏறி நிற்கிறவரிடம் சிரிக்கச் சொல்லவும் எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்விடுவேன்.

லயத்து வெளிச்சம் தனி வகை. பழைய காம்பிரா, அதாவது லயத்து அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு கதவு, பேருக்கு ஒரு ஜன்னல். அடுப்புப் புகை படிந்து சுவர் கறுத்திருக்கும். உள்ளே வருகிற வெளிச்சமெல்லாம் வாசற்படி வழியாகத்தான். என்னிடம் உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும். கதவுக்கு அருகில் 1/30 கிடைக்கும், சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சைப் பிடித்தால் எடுத்துவிடலாம். அடுப்பங்கரைக்குப் போனால் அதுவும் கிடைக்காது. அப்படியான ரோலையும், மாசியில் இரவு காமன் கூத்துக்குக் கொண்டுபோகிற ரோலையும் ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிவிடுவேன். ஆனால் மிக நல்ல இடம் இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைதான். மேலே தகரம் உச்சி வெளிச்சத்தை மறைக்கும், முன்னால் வாசலும் வானமும். வாசற்படியில் ஒருவரை உட்காரவைத்து வெளியே பார்க்கச் சொன்னால், எந்த ஸ்டூடியோ விளக்காலும் கொடுக்க முடியாத மெல்லிய வெளிச்சம் முகத்தில் விழும். நூற்றைம்பது வருடமாக இந்த மனிதர்களை மலையில், கூடையோடு மட்டும் எடுத்தவர்கள் இந்த வாசற்படியைப் பார்க்காமலே போயிருக்கிறார்கள்.

லிந்துலைப் பக்கம் ஒரு வீட்டில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாயி என்னிடம் கேட்டார்.

"தம்பி, கூடையப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"வேணாம் அம்மாயி. ஒங்களுக்கு எப்பிடி விருப்பமோ அப்பிடி நில்லுங்க."

உள்ளே போனவர் நீண்ட நேரம் வரவில்லை. பட்டுச்சேலை கட்டி, திருநீறு பூசி, கையில் ஒரு பெரிய படத்தோடு வந்தார். பேத்தி பட்டம் வாங்கிய படம், கறுப்பு அங்கியும் தொப்பியுமாக. அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "இப்ப எடு. ஆனா இந்தப் படம் எங்கிட்டுப் போகும்?" என்றார். இரண்டு கிழமையில் உங்கள் கைக்கு வரும் என்றேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தபோது படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர், பேத்தியின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி. "சரியாத்தான் எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டுத்தான் முன்பக்கம் பார்த்தார்.

பல வீடுகளில் இதையே காண்கிறேன். கூடையோடு நிற்கிறேன் என்று யாரும் சொன்னதில்லை. கறவை மாட்டோடு, புதிதாகப் போட்ட மரக்கறிப் பாத்தியில், மகன் வாங்கிய ஆட்டோவுக்கு முன்னால், தைத்துப் பிழைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில். ஒரு தப்புக் கலைஞர் தன் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, ஓசை சரியாக வந்த பிறகுதான் படத்துக்குச் சம்மதித்தார். படத்தில் ஓசை வராது என்று நான் சொல்லவில்லை. அவர் செய்தது சரி.

கழுவுகிற வேலை இரவில், வீட்டுக் குளியலறையில். கைகளை மட்டும் நுழைக்கிற கறுப்புப் பைக்குள் பிலிமை உருட்டி டாங்கில் சுற்றிவிட்டால் மிச்சம் எல்லாம் விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவருகிற டெவலப்பர் டி-76. 1927 இலிருந்து இருக்கிற சூத்திரம். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 பாகை செல்சியஸில், இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமுக்கு 11 நிமிடம். இந்த 20 பாகைக்காகக் கொழும்பில் உள்ள நண்பர்கள் ஐஸ் கட்டி தேடுகிறார்கள். எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் அதைவிடக் குளிராகத்தான் வரும், கேத்தலிலிருந்து கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்த்தால் போதும். நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். பிலிம் கழுவுகிறவனுக்கு இந்த ஊர் செய்கிற உதவி இது.

கடைசியாக, படத்தை நிலைக்கச் செய்கிற ஹைப்போ என்ற மருந்து. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819 இல் கண்டுபிடித்தவர் ஜோன் ஹேர்ஷல். படத்தை நிலைக்கச் செய்ய அதைப் பயன்படுத்தலாம் என்று 1839 இல் காட்டியவரும் அவர்தான். அவர் ஜூலியா கெமரனின் நெடுநாள் நண்பர், கெமரன் எடுத்த மிகச் சிறந்த முகங்களில் ஒன்று அவருடையது. பொகவந்தலாவையில் உறங்குகிற அம்மையாருக்கும் என் குளியலறை வாளிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உற்சாகமாக இருக்கும். இறுதிக் கழுவலுக்கு மலையிலிருந்து பீலியில் வருகிற தண்ணீர். மழைக்காலத்தில் பொடி மண் வரும், அதனால் துணியில் இரண்டு தரம் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் காய்ந்த பிறகு வானம் முழுக்கப் புள்ளியாக இருக்கும்.

சில இடங்களை இப்போதே எடுக்காவிட்டால் பிறகு எடுக்க முடியாது. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. இன்றைய மஸ்கெலியா மேட்டில் புதிதாக அமைந்தது. நல்ல வரட்சி வருகிற வருடங்களில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். அப்போது அங்கே ஒரு கூட்டமே வந்துவிடும். வெடித்த சேற்றில் நடந்துபோய், "இங்கதான் எங்க கடை இருந்திச்சு" என்று காட்டுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காட்டுகிற இடத்தையும் காட்டுகிற கையையும் சேர்த்து எடுப்பேன், சொன்னதைக் கொப்பியில் எழுதுவேன். மழை பெய்தால் அடுத்த மாதமே அந்த இடம் மறுபடியும் தண்ணீருக்கடியில். சொன்னவரும் அடுத்த வரட்சிக்கு இருப்பாரா என்பது தெரியாது. தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளேயர் அருவியும் அப்படித்தான். மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு பழைய நாட்காட்டிப் படங்களில் இருந்த அந்த அகலமான அருவியை நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. லயங்களும் கொஞ்சம் கொஞ்சமாக உடைபட்டுத் தனிவீடுகள் வருகின்றன. வரட்டும், சீக்கிரம் வரட்டும். அந்தப் பத்துக்குப் பன்னிரண்டுக்குள் யாரும் வாழக்கூடாது. ஆனால் உடைக்கிறதுக்கு முதல் நாள் அந்த வீட்டுக்காரரை அந்த வாசற்படியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது.

இந்த ஊர் படங்களுக்கு நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். பிலிமின் மேல் இருக்கிற பூச்சு ஜெலட்டின், மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. பூஞ்சணத்துக்கு அது நல்ல சாப்பாடு. லென்ஸின் கண்ணாடிப் பூச்சையும் அது அரிக்கும். மழை மாதங்களில் கமராவைத் தோலுறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கி மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வெயில் வருகிற நாளில் எடுத்து வேலை கொடுங்கள். நெகட்டிவை நான் காகித உறைகளில் வைத்து, அந்த உறைகளை அப்படியே டப்பாவில் அடுக்குகிறேன்.

ஈரத்தைவிடப் பெரிய பயம் மண். 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்கள் போயின. அதற்கு முன்னால் எதையும் வைத்துப் பேச முடியாது. ஆனால் வீட்டோடு அந்தத் தகரப் பெட்டியும் அதற்கடியில் இருந்த உறையும் போகின்றன என்பதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஒரு படம் இல்லாத நிலை யாருக்கும் வரக்கூடாது. ஆகவே பிரிண்ட் ஒரு மலையில், நெகட்டிவ் வேறொரு மலையில் என்பது என் விதி. படம் அந்தந்த வீட்டில், நெகட்டிவ் என்னிடம், ஸ்கேன் செய்த பிரதி கண்டியில் ஒரு நண்பர் வீட்டில். ஒன்று போனாலும் இன்னொன்றிலிருந்து மறுபடியும் போட்டுக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, பண்டாரவளை என்று எங்கள் நகரங்களில் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. மேல்மாடியில், படிக்கட்டுக்கு அடியில், பிஸ்கட் டின்களில் அவர்களுடைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. அறுபதுகளின், எழுபதுகளின் பாஸ்போட்டுப் படங்கள், கப்பலேறிப் போன குடும்பங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கடையைத் துப்புரவாக்கும்போது அவற்றை எரிக்கிறார்கள், இல்லாவிட்டால் குப்பைக்குப் போடுகிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது ஸ்டூடியோ வைத்திருந்தால் அந்த டின்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். வினாகிரி வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள், வந்தால் அந்தக் கட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், அது உக்கத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மற்றவற்றைக் காய்ந்த காகித உறையில் மாற்றுங்கள். ஸ்டூடியோவின் பழைய பதிவுக் கொப்பி இருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. எந்த இலக்கத்துக்கு எந்தப் பெயர் என்று அதில் இருக்கும். கொப்பி இல்லாவிட்டால், அந்த ஊரில் எழுபது, எண்பது வயதில் இருக்கிறவர்களிடம் இந்த மாதமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்னால், உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள்.